மாமா டம்ளருக்குத் தோதான மீன்

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க சார். பை ஒழுகாது, பயப்படாதீங்க. மேல வாழை இலை, உள்ள அலுமினியத் தாள், அதுக்கும் உள்ளதான் மீன். இன்னொரு பையில இருக்கிறது பிராந்தி. அப்படிப் பாக்காதீங்க சார், எனக்கு இல்ல. நான் குடிக்கிற ஆள் இல்ல. நாப்பத்தாறு வயசுல ஒரு சொட்டு நாக்குல பட்டது கிடையாது. இது என் மாமனாருக்கு. அவர் போன வைகாசியில இறந்துட்டாரு.

நீங்க குளித்தலையா? நான் லாலாப்பேட்டை. ரயில்வே கேட்டு போட்டுட்டான், இனி ரயில் போற வரைக்கும் பஸ் நகராது. பன்னிரண்டு மணிக்கு நான் மொட்டை மாடியில நிக்கணும். நின்னுடுவேன், நேரம் இருக்கு. இன்னிக்கு வருஷப் படையல். என் கொழுந்தியாளைக் கட்டிக் கொடுத்த முசிறி சம்பந்தி வீட்டுல இருந்து மட்டும் முப்பது பேர் வந்திருக்காங்க. படையல் பாக்க வந்தாங்கன்னு சொல்றதைவிட, நான் செய்யறதைப் பாக்க வந்தாங்கன்னு சொல்லலாம். பெருமைக்குச் சொல்லல. நடந்ததைக் கேட்டீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க.

செத்தவங்க காக்காவா வந்து சாப்பிட்டுட்டுப் போவாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அவங்க இருந்தப்ப என்ன புடிக்குமோ அதை இலையில வெக்கிறோம். வெத்தலை போட்டவங்களுக்கு வெத்தலை, பீடி புடிச்சவருக்கு பீடி, குவார்ட்டர் போட்டவருக்கு குவார்ட்டர். இதுல ஒரு தப்பு நடக்குது சார். காலங்காலமா நடக்குது. எதை வெக்கணும்னு யோசிக்கிறாங்களே தவிர, எதோட எது சேரும்னு ஒருத்தரும் யோசிக்கிறது இல்ல. பாயசத்துக்குப் பக்கத்துல பிராந்தியை வெச்சுட்டு, காக்கா வரலையேன்னு அழுவாங்க. எப்படி வரும்?

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. இப்ப நான் கரூர்ல ஒரு ஜவுளிக் கம்பெனி குடோனைப் பாத்துக்கறேன். அதுக்கு முன்னாடி பெங்களூர்ல ஒரு பெரிய ஹோட்டல்ல பதினாலு மாசம் மேஜையில பரிமாறற ஸ்டூவர்டு. அங்க ஸ்டூவர்டுகளுக்கெல்லாம் கேப்டன் ஆல்பர்ட் சார். மூக்காலதான் பேசுவாரு. "குணசீலா, டேபிள்ள ரெண்டு பேர் சண்டை போடறான்மா. ஒருத்தன் தட்டுல இருக்கான், ஒருத்தன் கிளாஸ்ல இருக்கான். சமாதானம் பண்றதுதான் நம்ம டூட்டி." இப்படித்தான் பேசுவாரு. நாலு விஷயம் சொல்லிக் கொடுத்தாரு. கொழுப்பா இருந்தா அதை வெட்டப் புளிப்பு வேணும். உப்பா இருந்தா நுரை வேணும். காரமா இருந்தா கடுமையான சரக்கை ஊத்தக் கூடாது, வாய் எரிஞ்சு ரெண்டு ருசியுமே செத்துடும், லேசா ஒரு இனிப்பு இருந்து அதைத் தடவிக் கொடுக்கணும். பலகாரம் இனிப்பா இருந்தா குடிக்கிறது அதைவிட இனிப்பா இருக்கணும், இல்லன்னா குடிக்கிறது கசக்கும். அவ்வளவுதான்.

அஞ்சாவது ஒண்ணும் சொல்லுவாரு. அதுதான் முக்கியம். விருந்தாளி சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் ஸ்டூவர்டு மேஜையை விட்டு நகரக் கூடாது. ஒன்றரை அடி தள்ளி நிக்கணும். முழங்கையில துண்டு, முகத்துல சிரிப்பு. விருந்தாளி ஹோட்டலை விட்டுப் போனாலும் உன் மூஞ்சி அவருக்கு மறக்கக் கூடாது. இதை நான் இன்னிக்கு வரைக்கும் விட்டதில்ல.

எங்க மாமா பேரு வையாபுரி. மின்சார வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டையர்டு ஆனவரு. வீடு அவரோடது. கீழே அவரு, அத்தை, புள்ளைங்க, மேல நானும் என் வீட்டுக்காரி புஷ்பலதாவும். சாயங்காலம் ஆறு மணிக்கு, அவர் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்ல, பேரு வெட்டியிருக்கும், அதுல பாதி பிராந்தி, பாதி தண்ணி. அளவு தவறாது. ஆனா தொட்டுக்கிறதுல ஒரு ஒழுங்கு கிடையாது சார். வாழைக்காய் பஜ்ஜி, மிச்ச ரசம் சாதம், ஒரு நாள் கேசரி. கேசரியோட பிராந்தி. பக்கத்துல போய் நின்னு எடுத்துச் சொல்லுவேன், மாமா, இனிப்பு மேல இது கசக்கும், ரெண்டு மிளகு முறுக்காவது எடுத்துக்கோங்கன்னு. அவர் டம்ளரைக் கையால மூடிக்கிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்ளே"ன்னுவாரு. தினமும் சொல்லுவேன், தினமும் அதையே சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில கடைசியா பேசினதும் அதுதான். "மாப்ளையைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, காத்து வரட்டும்." அதோட கண்ணை மூடிட்டாரு. பெத்த புள்ளை கதிரேசன் கட்டில் பக்கத்துலயே நிக்கிறான், அவன் பேரைச் சொல்லல. கடைசி மூச்சுல என் நினைப்பு.

அந்த வீட்டுக்கு நான் செஞ்சதும் கொஞ்சநஞ்சம் இல்ல. அவர் படுக்கையில விழுந்த சமயம், மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்கு மேல வேப்பங்கிளையில காக்கா கூடு கட்டியிருந்துச்சு. குச்சியும் கம்பியும் தொட்டிக்குள்ளேயே விழுது. மத்தவங்களா இருந்தா பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்க. நான் தொரட்டியை எடுத்து ஒரே இழுப்பு. உள்ள நாலு முட்டை, பச்சை கலந்த நீலத்துல. பாவம்னு அதைக் கட்டைச் சுவர் மேலதான் வெச்சேன். பூனை தின்னுடுச்சு, அதுக்கு நான் என்ன பண்றது. மாமாகிட்ட போய்ச் சொன்னேன், பாராட்டுவாருன்னு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. உடம்பு முடியல. அவர் வேலையில இருந்த காலத்துல கம்பத்துல கூடு இருந்தா, முட்டை சாயாம எடுத்துப் பக்கத்து மரத்துல உக்கார வெச்சுட்டுத்தான் ஒயரைத் தொடுவாராம். அத்தை சொன்னாங்க. அவ்வளவு நேரம் அவருக்கு இருந்திருக்கு, எனக்கு ஏது.

பத்து நாள்ல மாமா போயிட்டாரு. அந்தச் சமயத்துலதான் இன்னொண்ணும் ஆரம்பிச்சுது. நான் வெளியில தலை காட்டினா காக்கா வந்து மண்டையில கொத்தும். எனக்கு மட்டும். ஜோசியர் சனின்னாரு. நான் நம்பல. மாமா இறந்த சமயம், காக்கா வந்து கூப்பிடுது. இதைப் புரிஞ்சுக்க ஜோசியம் எதுக்கு?

பதினாறாம் நாள் படையல். அத்தை வடை, பாயசம், கறிக்குழம்பு எல்லாம் பண்ணாங்க. கதிரேசன் பிராந்தி வாங்கி டம்ளர்ல ஊத்தினான். மூத்த மாப்பிள்ளை நான், இலையை நான்தான் தூக்கிட்டுப் போனேன். கட்டைச் சுவர்ல வெச்சேன். ஒன்றரை அடி தள்ளி நின்னேன். கையில துண்டு, முகத்துல சிரிப்பு. மத்தவங்க எல்லாம் படிக்கட்டுல. காக்கா வந்துச்சு சார், வராம இல்ல. பதினஞ்சு இருபது, வேப்பமரம் பூரா. என்னையே பாத்துக் கத்துது. கிட்ட வந்த ரெண்டும் இலையைப் பாக்கல, என் உச்சியில ஆளுக்கு ஒரு கொத்து கொத்திட்டுப் போச்சு. மூணு மணி வரைக்கும் நின்னேன். ஒரு பருக்கையைக்கூடக் காக்கா தொடல.

வீட்டுல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா. அத்தை மாமா போட்டோவைப் பாத்து, "என்ன குறை வெச்சேன், சொல்லிட்டாவது போயிருக்கக் கூடாதா"ன்னு ஆரம்பிச்சாங்க. கதிரேசன் இருக்கானே, எதைச் சொன்னாலும் கடைசியில கரெக்டான்னு கேப்பான். "அப்பாவுக்கு யார் மேலயோ வருத்தம் இருக்கு மச்சான், அது உங்க மேலதான் இருக்கு, கரெக்டா?" கொழுந்தியா வினோதாவுக்கு ஆவணியில கல்யாணம் முடிவாகி இருந்துச்சு. அப்பா சாப்பிடாம பத்திரிகை வெக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு ஒரு மூலையில உக்காந்து அழுவுது, அக்கா புருஷனால என் கல்யாணம் நிக்குதுன்னு. எனக்குக் காது கேக்காதுன்னு நினைப்பு.

புஷ்பலதா நேரா மாடிக்கு வந்தா. பெட்டியை எடுத்து வெச்சுத் துணியை அடுக்கினா. அப்பா சாப்பிடற வரைக்கும் நான் எங்க அம்மா வீட்டுல இருக்கேன்னா. அம்மா வீடு கீழே இருக்கு சார். பதினாலு படி. பெட்டியைத் தூக்கிட்டுப் பதினாலு படி இறங்கிப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. நான் மேல இருந்து எட்டிப் பாத்தா சேலைத் தலைப்பால முகத்தை மறைச்சுக்கறா, ஏதோ வெளியூர்ல இருக்கற மாதிரி. ரேஷன் கார்டை ஒரு கவர்ல போட்டு வாசல் வழியா அனுப்பினா. பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கை. ராத்திரி அவ இருமறது தரை வழியா எனக்குக் கேக்குது. நான் தனியா உப்புமா கிண்டித் திங்கறேன்.

எனக்கு அழுகை வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. ஆனா உடனே ஆல்பர்ட் சார் ஞாபகம் வந்துச்சு. தட்டுல ஒருத்தன், கிளாஸ்ல ஒருத்தன். மாமாவுக்கு என் மேல என்ன வருத்தம் இருக்கப் போகுது? இலையிலதான் தப்பு. பாயசத்தோட பிராந்தி கசந்திருக்கும். உசுரோட இருந்தப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சவரு, செத்த பிறகு எதுக்குப் பொறுத்துக்கணும்? காரியம் பண்ணி வெச்ச ஐயருக்குப் போன் போட்டேன். அவர் அவசரத்துலயே பேசுவாரு. "காக்கா எடுக்கலைன்னா பசுமாட்டுக்கு வெச்சுடுங்கோ, தோஷமில்லே, வெச்சுடுங்கோ." பிராந்தியை மாடு குடிக்குமா சாமின்னு கேட்டேன். போனை வெச்சுட்டாரு.

ஒரு நோட்டுப் போட்டேன் சார். இதோ, சட்டைப் பையிலயே இருக்கு. மூணு கட்டம். என்ன சாப்பாடு, என்ன சரக்கு, எத்தனை கொத்து. ஆமா, கொத்துதான் மார்க்கு. மாமாவுக்குப் பிடிக்கலைன்னா எப்படிச் சொல்லுவாரு? வாயா இருக்கு? அலகுதானே இருக்கு. கொத்து கூடினா சேர்மானம் தப்பு, குறைஞ்சா சரியான பாதையில போறோம்.

படிக்கிறேன் கேளுங்க. ஆனி மாசம் முதல் சனிக்கிழமை. மட்டன் சுக்கா, ரம். நாலு கொத்து. மிளகு அதிகம், ரம் அதை இன்னும் எரிய விட்டிருக்கு. அடுத்த சனிக்கிழமை. அவிச்ச முட்டை, உப்புக் கடலை, பீர். இதுல எனக்கு நல்ல நம்பிக்கை இருந்துச்சு. உப்புக்கு நுரை, ஒரு குறையும் சொல்ல முடியாது. முட்டையைக் கையில எடுத்து நீட்டிக் காட்டினேன் சார், நாலு முட்டை. அப்படி ஒரு கத்தல் நான் வாழ்க்கையில கேட்டதில்ல. பதினோரு கொத்து. காதுக்குப் பின்னாடி இன்னும் தழும்பு இருக்கு, பாருங்க. ஏன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் புரிஞ்சுது. வெயில்ல பீர் சூடாயிடுச்சு.

நடுவுல ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். குளிருக்குப் போர்வையைத் தலையோட முக்காடா போட்டுக்கிட்டு, மிச்சம் இருந்த சாம்பார் சாதத்தைக் கொண்டு போய்க் கட்டைச் சுவர்ல கொட்டினேன். எல்லாக் காக்காவும் வந்து என் கை பக்கத்துலயே நின்னு வழிச்சுத் தின்னுட்டுப் போச்சு. ஒரு கொத்து கிடையாது. அதை நான் நோட்டுல எழுதல. அது படையல் இல்ல, சரக்கே இல்லாத வெறும் சாம்பார் சாதம். அதையெல்லாம் சேத்தா ஆராய்ச்சி கெட்டுப் போயிடும்.

கடைசியில ஆல்பர்ட் சாருக்கே போன் போட்டேன். ஒரு விருந்தாளிக்கு என்ன கொடுத்தாலும் பிடிக்கல சார்னு சொன்னேன். வயசு என்னன்னாரு. எழுபத்தி ஒண்ணுன்னேன். உடம்பு எப்படின்னாரு. இறந்துட்டாருன்னேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, மூக்காலயே, "அப்போ ரெட் வேண்டாம்மா, கனமா இருக்கும். லைட்டா ஒயிட் கொடு. மீன் வெச்சுக்கோ." தொழில் தெரிஞ்ச மனுஷன் சார். வேற எதுவும் கேக்கல.

வஞ்சிரம், வெள்ளை ஒயின். மூணு கொத்து. பதினொண்ணுல இருந்து மூணு. மீன்னா ஒத்துக்கறாருன்னு தெரிஞ்சு போச்சு. படிக்கட்டுல நின்னு, மூணுதான் புஷ்பா, மூணுதான்னு கீழே பாத்துக் கத்தினேன். அவ கீழே இருந்து பதில் சொன்னா. "உங்க மூஞ்சியைப் பாத்தா காக்காகூடச் சோறு திங்காது." கட்டின பொண்டாட்டி பேசற பேச்சா இது? மனசுல தைச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா கோவத்துல பேசறவங்க என்ன யோசிச்சா பேசறாங்க.

ஆடி வந்துச்சு. முசிறியில இருந்து வினோதாவுக்குப் பாத்த மாப்பிள்ளையோட அப்பா ஆள் அனுப்பிட்டாரு, ஆடி அமாவாசைக்குள்ள உங்க வீட்டுப் பெரியவர் சாப்பிட்டா ஆவணியில கல்யாணம், இல்லன்னா தையில பேசிக்கலாம்னு. தையில பேசிக்கலாம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். புஷ்பலதா கீழேயே ஒரு ஸ்டவ் வாங்கி வெச்சுட்டா. சின்ன ஸ்டவ் இல்ல சார், ரெண்டு அடுப்பு ஸ்டவ். அதைப் பாத்த அன்னிக்குத்தான் இவ திரும்பி வர்ற உத்தேசத்துல இல்லன்னு புரிஞ்சுது.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். மீன் சரி. ஆனா கடல் மீன் இல்ல. மாமா ஆத்தோரம் பொறந்தவரு, ஆத்து மீன்தான். ஒயின் இல்ல, அவரோட பிராந்தியேதான், ஆனா தண்ணிக்குப் பதிலா இளநீர். யோசிச்சுப் பாருங்க. மீன்ல காரத்தைக் குறைக்கச் சொல்லிடணும். எண்ணெயை வெட்ட எலுமிச்சை. பிராந்தியோட எரிச்சலை இளநீர் இனிப்பு அடக்கும், அந்த இனிப்பு மீனோட உப்பை எடுத்துக் கொடுக்கும். யாரும் யாரையும் அமுக்கல. தட்டும் கிளாசும் தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்கும்.

அமாவாசை அன்னிக்குக் காலையில மாயனூருக்கு என் பைக்குல போனேன். காவிரிக் கதவணைப் பக்கம் மீன் வறுக்கற அக்காகிட்ட கூடவே நின்னு பக்குவம் சொல்லி வாங்கினேன். அது ரெண்டு தடவை தள்ளி நில்லுங்கண்ணேன்னுச்சு. திரும்பி வர்றப்ப பின் டயர் பஞ்சர். வீட்டுக்குப் போய்ச் சேர்றப்ப பன்னிரண்டு இருபது. எல்லாரும் படிக்கட்டுல உக்காந்திருக்காங்க, முசிறிக்காரரும் சேத்து. நான் வண்டியைப் போட்டுட்டு ஓடறேன். ஹெல்மெட்டைக் கழட்டப் பாத்தா வார் மாட்டிக்கிச்சு. இழுக்கறேன், வரல. நேரம் போகுது. சரின்னு அதோடவே ஏறிட்டேன். முன்னாடி இருக்கற கறுப்புக் கண்ணாடியும் மூடிக் கிடக்கு. மூச்சு விட்டு விட்டு அதுல ஒரே புகை. தடவித் தடவித்தான் இலையைப் போட்டேன், மீனை வெச்சேன், டம்ளர்ல ஊத்தினேன். ஒன்றரை அடி. துண்டு. சிரிச்சேன், உள்ள சிரிச்சது யாருக்குத் தெரியும், இருந்தாலும் சிரிச்சேன்.

கண்ணாடி கொஞ்சம் தெளிஞ்சுது. ஒண்ணு வந்துச்சு சார். கட்டைச் சுவர்ல உக்காந்து என்னைப் பாத்துச்சு. தலையைச் சாய்ச்சு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கத்தல. தத்தித் தத்திக் கிட்ட வந்து மீன் தலையைக் கவ்விச்சு. பின்னாடி அத்தை விம்மற சத்தம். "அவரேதான், முதல்ல தலையைத்தான் எடுப்பாரு." அப்புறம் ஆறு, ஏழு. டம்ளர்ல அலகை விட்டு அண்ணாந்து குடிக்குது. ஒண்ணு குடிச்சுட்டுப் போய் டிவி டிஷ் மேல உக்காந்து பின்பக்கமா நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு, விழற வரைக்கும். முசிறிக்காரர் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு. "கல்யாணத்தை வெச்சுக்கலாம் சம்பந்தி"ன்னு காக்காவைப் பாத்துச் சொன்னாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி. துடைக்க முடியல, கண்ணாடி இருக்கு. அப்ப பாத்து அந்த வார் தானா விட்டுச்சு. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, நிமிர்ந்து, மாமா போதுமான்னு கேட்டேன். அத்தனையும் ஒரே சமயத்துல எந்திரிச்சு வந்து என் தலையில கொத்திட்டுப் போச்சு. ஏழு கொத்து. கொத்துன்னு சொல்லக் கூடாது, அன்னிக்கு அது ஆசீர்வாதம். சாப்பாடு நல்லா இருந்தா விருந்தாளி தோள்ல தட்டிக் கொடுத்துட்டுப் போவாருல்ல, அது மாதிரி. அதை நோட்டுல சிவப்பு மையில எழுதினேன்.

புஷ்பலதா அங்கேயே நின்னா. காக்காவைப் பாத்தா, என் கையில இருந்த ஹெல்மெட்டைப் பாத்தா, வேப்பங்கிளையைப் பாத்தா, மறுபடி என்னைப் பாத்தா. வாயைத் திறந்தவ மூடிக்கிட்டா. முசிறிக்காரர் நின்னுக்கிட்டு இருந்தாருல்ல, அவர் முன்னாடி புருஷனைப் பாராட்டக் கூச்சமா இருந்திருக்கும். சாயங்காலம் பெட்டியைத் தூக்கிட்டுப் பதினாலு படி ஏறி வந்துட்டா. வந்ததும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா சார்? "இனிமே மாடிக்குப் போனா ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க." ஏண்டின்னேன். "வெயிலு"ன்னா. அப்புறம் மகாளய அமாவாசை, தை அமாவாசை, ரெண்டுக்கும் அவளே என் தலையில மாட்டி, கண்ணாடியை இறக்கி விட்டு, வாரையும் இறுக்கிட்டுத்தான் இலையைக் கையில கொடுத்தா. ரெண்டு தடவையும் மாமா திருப்தியா சாப்பிட்டாரு. சேர்மானம் அப்படி.

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் சார். பெரியவங்க சாப்பிடறப்ப ஹெல்மெட்டோட நிக்கறது மரியாதையா? ஆல்பர்ட் சார் பாத்தா என்ன நினைப்பாரு? விருந்தாளிக்கு நம்ம மூஞ்சி தெரிய வேண்டாமா?

இன்னிக்கு விஷயம் பெருசு. முசிறிக்காரர் அவரோட அப்பாவுக்கும் ஒரு சேர்மானம் சொல்லுங்கன்னு கேட்டிருக்காரு. அவர் எட்டு வருஷமா இலையைத் தொடலையாம், இருந்தப்ப சாராயமும் ஊறுகாயும் தவிர ஒண்ணும் தொடாதவராம். கஷ்டம்தான், யோசிச்சு வெச்சிருக்கேன். இன்னிக்கு மாமா நல்லபடியா சாப்பிட்டா அடுத்த மாசம் முசிறியில நான். மாமா சாப்பிடலைன்னா, அத்தை இன்னிக்குக் காலையிலேயே சொல்லிட்டாங்க, வினோதா மாசமா இருக்கா, வருஷப் படையலைப் பெரியவர் தள்ளினா அந்தப் பொண்ணை வளைகாப்புக்குக்கூட இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்கன்னு. புஷ்பலதா அந்த ரெண்டு அடுப்பு ஸ்டவ்வை இன்னும் விக்கல. துடைச்சு வெச்சிருக்கா.

கேட்டு திறந்துட்டான். என்ன சார், சிரிக்கிறீங்களா இருமறீங்களா? என்னது, கூட்டைப் பத்தியா? எந்தக் கூடு? ஓ, அதுவா. அது கதைக்கு நடுவுல வந்த சும்மா ஒரு விஷயம் சார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் சேர்மானத்தைப் பத்திப் பேசறேன், நீங்க கூட்டைப் பத்திக் கேக்கறீங்க.

ஒரு நிமிஷம், அவதான் கூப்பிடறா. ம், சொல்லு. வாங்கிட்டேன், காரம் கம்மியாத்தான். இளநி வெட்டி வெச்சாச்சா. என்னது? ஹெல்மெட்டா? அது வண்டியோட ஒர்க்‌ஷாப்புல கிடக்கு. நேத்தே விட்டேன்ல. பஸ்ல வர்றவன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு உக்காந்தா என்ன நினைப்பாங்க. இல்ல, வேண்டாம். கதிரேசனோடதும் வேண்டாம். அவனை ஸ்டாப்புக்கெல்லாம் அனுப்பாதே, பந்தி வேலையைப் பாக்கச் சொல்லு. ஏன் அழுவற? சாப்பிடுவாரு புஷ்பா, கண்டிப்பா சாப்பிடுவாரு. வெச்சுடு.

பாத்தீங்களா சார். காலையில இருந்து இது நாலாவது தடவை. பஸ்ல வர்றேன்னு சொன்னாலும் ஹெல்மெட் எங்க, ஹெல்மெட் எங்கன்னு. ஒரு காலத்துல என் மூஞ்சியைப் பாத்தா காக்காகூடத் திங்காதுன்னவ. மனுஷங்க மாறிடறாங்க சார். எதோட எதைச் சேக்கணுமோ அதைச் சேத்துட்டா எல்லாம் தானா சரியாயிடுது. ஒரு விதத்துல வண்டி ரிப்பேர் ஆனதும் நல்லதுதான். இன்னிக்கு வெறும் தலையோட நிக்கப் போறேன். தலைக்கு எண்ணெய் வெச்சு, படிய வாரி, முப்பது பேர் முன்னாடி. ஒன்றரை அடிகூட இல்ல, வருஷப் படையல், இன்னும் கிட்ட போயிடலாம்னு இருக்கேன். ஒரு அடி.

ஸ்டாப்பு வந்துடுச்சு. கண்டக்டர், இறங்கணும். சார், அந்தச் சின்னப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க, பாத்து, கண்ணாடிப் பாட்டில். ரொம்ப சந்தோஷம்.

அட, அங்க பாருங்க சார், ஜன்னல் வழியா. கரண்டு கம்பியில. ஒண்ணு, ரெண்டு, அந்தக் கம்பத்துல மூணு. ஸ்டாப்புக்கே வந்து காத்துக்கிட்டு இருக்காரு. லைன்மேன் இல்லையா, வேற எங்க உக்காருவாரு. இதோ வர்றேன் மாமா. பாருங்க சார், என் மூஞ்சியைப் பாத்ததுமே எந்திரிச்சுக் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. பாவம், நல்ல பசி.